வலிக்குக் கஞ்சாவா? கேட்க வேண்டிய மருந்து வேறு

காசிமேட்டில் வலை இழுத்து இழுத்து இடுப்பு விட்டுப்போனவர்கள், எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரி ஓட்டிக் கழுத்து பிடித்துக்கொண்டவர்கள், புற்றுநோயில் படுத்த அம்மாவை ராயபுரத்து ஒற்றை அறையில் வைத்துப் பார்ப்பவர்கள். இவர்கள் காதில் இப்போது ஒரு பேச்சு விழுகிறது: “வெளிநாட்டில் டாக்டரே கஞ்சா எழுதித் தருகிறாராம்.”

பேச்சில் உள்ள உண்மை

கனடா, ஜெர்மனி போன்ற நாடுகளில் மருத்துவர் சீட்டுக்குக் கிடைப்பது உண்மைதான். ஆனால் அது வீரியம் அளந்த மருந்து. அதிலும் நரம்பு வலியில் சிலருக்கு ஓரளவு குறைகிறது. தலைசுற்றலும் தூக்கக் கலக்கமும் கூடவே வருகின்றன. வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம், ஆதாரம் போதாது என்று சொல்லி, வலிக்கு இதைப் பொதுவாகப் பரிந்துரைக்க 2021இல் மறுத்துவிட்டது.

தெருவில் விற்கும் பொட்டலத்தில் எவ்வளவு வீரியம், என்ன கலப்படம் என்று விற்பவனுக்கே தெரியாது. கிரேன், லாரி ஓட்டுபவருக்கு அது உயிர் ஆபத்து. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி, சிறிதளவு வைத்திருந்தாலும் ஓராண்டு வரை சிறை. நோயாளி என்பது அங்கே செல்லாது.

மார்ஃபினைக் கண்டு பயம் ஏன்?

புற்றுநோயின் கடும் வலிக்கு உலகமே நம்பும் மருந்து மார்ஃபின். விலையும் குறைவு. 2014இல் அதே போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் அதைத் தருவதை எளிதாக்கினார்கள். ஆனாலும் “அதைக் கொடுத்தால் கடைசிக் கட்டம்”, “அடிமையாகிவிடுவார்” என்று வீட்டாரே தடுக்கிறார்கள். எனக்கு இதுதான் பெரிய வேதனை. மருத்துவர் கண்காணிப்பில், வலிக்கேற்ற அளவில் எடுக்கும்போது அடிமையாவது அரிது.

சாதாரண மார்ஃபின் மாத்திரையை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி ஏறும்வரை காத்திராமல் கொடுப்பதுதான் வழக்கம். மலச்சிக்கல் பெரும்பாலும் வரும். அதற்கான மருந்தை முதல் நாளே கேட்டு வாங்குங்கள். திடீரென நிறுத்தாதீர்கள். எழுப்ப முடியாத தூக்கமோ மூச்சு மந்தமோ தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். இடுப்பு வலி, கழுத்து வலிக்கு மார்ஃபின் வேண்டாம். இயன்முறை சிகிச்சையே முதல் வழி.

பக்கத்திலேயே இருக்கிறது

மணலி மாத்தூரில் ஜீவோதயா இல்லம், முற்றிய புற்றுநோயாளிகளை இலவசமாகப் பராமரிக்கிறது. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வலி நிவாரண ஆதரவு சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. அடுத்த முறை ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கோ வட்டார நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போகும்போது, “வலி பத்துக்கு எட்டு இருக்கிறது, தூங்க முடியவில்லை” என்று எண்ணிலேயே சொல்லுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104 என்ற சுகாதார உதவி எண்ணுக்கு அழையுங்கள்.