சிங்கப்பூர்க் காட்டுக் கொறிணிகளின் உணவு

தேக்கா வட்டாரத்து உணவங்காடிகளின் பின்புறம் ஓடும் எலியை நாம் அனைவரும் அறிவோம். ஆயின், அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள புக்கிட் தீமா காட்டில் வாழும் எலியும் அணிலும் எதைத் தின்று உயிர்வாழ்கின்றன என்னும் வினா நமக்கு எழுவதில்லை. இக்கட்டுரை அவ்வினாவையொட்டிச் சில செய்திகளை எடுத்துரைக்க முற்படுகிறது.

முதற்கண் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். மலாய் மொழியில் ‘துப்பாய்’ என்பது அணிலையும் அதனைப்போல் தோன்றும் மர மூஞ்சூற்றையும் குறிக்கும். இச்சொல்லைக் கொண்டே ராஃபிள்ஸ் 1821இல் மர மூஞ்சூற்றுப் பேரினத்திற்குத் ‘துப்பையா’ எனப் பெயரிட்டார். எனினும் மர மூஞ்சூறு கொறிணியன்று. அது பூச்சிகளை உண்ணும்; பழத்தின் சாற்றைப் பிழிந்து விழுங்கிவிட்டு நாரைத் துப்பிவிடும். கொறிணிகளோ கடினமான வித்தையும் உடைத்துத் தின்னவல்லவை.

இவ்வேறுபாட்டிற்கு அடிப்படை பற்களே. கொறிணியின் வெட்டுப்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்வன. அவற்றின் முன்புறத்தில் மட்டுமே கடினமான எனாமல் உண்டு. பின்புறம் மென்மையாதலால் விரைந்து தேய்கிறது. இதனால் பல் உளிபோல் தானே கூர்மை பெறுகிறது. வன்மையான ஓட்டிற்குள் இருக்கும் கொழுப்பும் புரதமும் கொறிணிகளுக்குக் கிட்டுவது இதனால்தான். எஞ்சும் நார்ப்பொருளை அவற்றின் பெருத்த குருட்டுக்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் நொதிக்கச்செய்து ஊட்டமாக மாற்றித் தருகின்றன.

சிங்கப்பூரில் எங்கும் காணப்படும் வாழை அணில், இராமர் தடவிய மூன்று கோடுகளைக் கதையில் கேட்ட மாணவரை ஏமாற்றக்கூடியது. அதன் முதுகில் கோடுகள் இல்லை. விலாவில்தான் கருப்பும் வெளிர்மஞ்சளுமாகப் பட்டைகள் உள்ளன. வயிறு செம்பழுப்பு நிறம். பெயரில் வாழை இருப்பினும், அது பழம், தளிர், மரப்பட்டை, எறும்பு ஆகியவற்றையும் உண்ணும், தேங்காயையும் துளைக்கும். காட்டை விட்டுப் பெரிதும் வெளிவராத ஒல்லி அணில், பட்டையின் உட்பகுதியையும் அதில் ஒளிந்திருக்கும் பூச்சிகளையும் நாடுவது. தரையில் வாழும் செம்முள் எலி உதிர்ந்த பழம், வித்து, வேர், பூச்சி, நத்தை எனக் கிடைப்பதையெல்லாம் தின்னும்.

காட்டில் உணவு சீராகக் கிடைப்பதில்லை. இப்பகுதியின் உயர்ந்த டிப்டெரோகார்ப் மரங்கள் ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. 2 முதல் 10 ஆண்டு இடைவெளியில் ஒருசேரக் காய்க்கின்றன. இடைப்பட்ட காலத்தில் விலங்குகளைத் தாங்குவது அத்தி. ஆண்டின் எப்பருவத்திலும் ஏதேனும் ஓர் அத்திமரம் பழுத்திருக்கும். அதன் பழத்தில் சுண்ணாம்புச் சத்தும் மிகுதி. செம்முள் எலி போன்றவை வித்துகளை எடுத்துச்சென்று புதைத்துவைப்பது மலாயாத் தீபகற்பத்திலும் தாய்லாந்திலும் பதிவாகியுள்ளது. புதைத்தது மறக்கப்படின் அது மரமாகலாம். ஆகவே இவற்றை வெறும் வித்தழிப்பான்கள் என்று கூறுதல் பொருந்தாது.

உணவின் அளவே தொகையை முடிவு செய்யும் என்பதற்கு நகரமும் சான்றாகும். 2014 டிசம்பரில் புக்கிட் பாத்தோக் ரயில் நிலையத்தருகே எலிகள் பெருகியதற்குத் தெருநாய்களுக்கென வைக்கப்பட்ட உணவும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. காட்டு விலங்குகளுக்கு உணவிடுவதை 2020ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் தடைசெய்கிறது. அணிலுக்கு ரொட்டி இடுவதை அன்பென்று கருதுவோர் இன்றும் உளர். வித்தும் பூச்சியும் தரும் கொழுப்பையும் புரதத்தையும் ரொட்டியால் ஈடுசெய்ய இயலாது.

ஆயினும் உணவு இருந்தால் மட்டும் போதாது. அதனைச் சென்றடையும் வழியும் வேண்டும். ராஃபிள்ஸ் 1821இல் சிங்கப்பூரிலிருந்து அறிவியலுக்கு அறிமுகம் செய்த வெளிர்நிறப் பேரணில், மரவுச்சியிலேயே திரிந்து பழமும் வித்தும் தேடுவது. தொடர்ந்த மரக்கூரை இன்றேல் அதற்கு இரையில்லை. இத்தீவில் அது இறுதியாகக் காணப்பட்டது 1995இல். அதற்கு முன்னரே, 1986இல், புக்கிட் தீமா விரைவுச்சாலை அக்காட்டை மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டிலிருந்து பிரித்துவிட்டது. இரண்டையும் மீண்டும் இணைக்க 62 மீட்டர் நீளமுள்ள பசுமைப் பாலம் 2013இல் அச்சாலையின்மேல் கட்டி முடிக்கப்பட்டது. பேரணிலுக்கு அது 18 ஆண்டுகள் பிந்தி வந்த பாலம்.