பீரோவில் இருந்த சர்டிபிகேட்

கோவை கணபதியில் பதினோரு பேர் வேலை பார்க்கும் லேத் பட்டறை எனக்கு. இருபது வருஷத்தில் யாருக்கும் ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்ததில்லை. சனிக்கிழமை கவரில் சம்பளம், தீபாவளிக்கு போனஸ், அவசரத்துக்கு அட்வான்ஸ். வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் சட்டப்படி செல்லும்தான். தகராறு வந்தால் யார் வாய் என்ன சொன்னது என்பதில்தான் வம்பு.

ஒரு டர்னர் இருந்தார், ஐ.டி.ஐ. படித்தவர், நல்ல கை. தங்கை கல்யாணத்துக்கு நாற்பதாயிரம் அட்வான்ஸ் கேட்டார். கொடுத்துவிட்டு, அவருடைய ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி பீரோவில் வைத்தேன். பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் பத்து நாள் கழித்து போன் செய்தார். "அண்ணா, வேற பக்கம் சேந்துட்டேனுங்க. சர்டிபிகேட் வேணும்."

"கடன் தீர்ற வரைக்கும் இங்கதான் வேலை செய்யணும்" என்றேன்.

எங்கள் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கணக்கு பார்ப்பவரிடம் இதைப் பெருமையாகவே சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "கடனைக் காட்டி ஒருத்தரை வேலையில கட்டிப்போட்டா அதுக்குப் பேரு கொத்தடிமைங்க. 1976ஆம் வருஷச் சட்டம். மூணு வருஷம் வரைக்கும் ஜெயில்." செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் உள்ள சொல் அது என்று நினைத்திருந்தேன்.

அன்றே சர்டிபிகேட்டைக் கொடுத்தேன். இப்போது மாதம் இரண்டாயிரம் ஜிபேயில் வருகிறது.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டதால் எங்கள் மாதிரி பட்டறைக்கும் பணி நியமனக் கடிதம் கட்டாயம் என்றும் அவர்தான் சொன்னார். ஒரே பக்கம், தமிழில் எழுதினோம். வேலை, சேர்ந்த தேதி, சம்பளம், நேரம், ஓ.டி.க்கு இரட்டிப்புக் கூலி. விலகுவதானால் இரு தரப்புக்கும் ஒரு மாத நோட்டீஸ். அட்வான்ஸுக்குத் தனித்தாள்; எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. விலகினவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் கணக்குத் தீர்க்க வேண்டும். 'அடுத்த மாசம் வந்து வாங்கிக்கோ' என்று நான் எத்தனை பேரை அலையவிட்டிருக்கிறேன்!

எனக்கு இன்னொரு வரி வேண்டியிருந்தது: விலகினால் இரண்டு வருஷம் கோவையில் வேறு பட்டறையில் சேரக் கூடாது.

"1872 ஒப்பந்தச் சட்டம், 27ஆவது பிரிவு. செல்லாது. பேப்பர்தான் தண்டம்."

பயிற்சி பாண்டு? 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று வருஷத்துக்குள் விலகினால் இரண்டு லட்சம் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றமே சொன்னதே? மனிதர் சிரித்தார். "தொகை நியாயமா இருக்கான்னு பாப்பாங்க. நீங்க லேத் சொல்லிக் கொடுக்க எவ்வளவு செலவு பண்ணீங்க?" பையன்கள் வீணாக்கிய இரும்பைத் தவிர எனக்கு எதுவும் தோன்றவில்லை.

கடிதத்தைக் கொடுத்த அன்று பட்டறையே அமைதியாகிவிட்டது. மூத்த ஃபிட்டர் இரண்டு முறை படித்தார். "அனுப்பப் போறீங்களா முதலாளி?" காகிதம் என்றாலே எங்கள் ஊரில் ஏதோ முடியப்போகிறது என்றுதான் பொருள்.

அவருக்குச் சேர்ந்த தேதிதான் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. இ.எஸ்.ஐ. அட்டையிலிருந்த தேதி இரண்டு வருஷம் பிந்தியது. அது என் கோளாறு. ஐந்து வருஷம் முடித்தவருக்கு, வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் பதினைந்து நாள் சம்பளம் கிராஜுவிட்டி. ஆக, அந்த இரண்டு வருஷம் அவர் பணம்.

"பெரிய பொண்ணு பொறந்த மறுவாரம் வந்தனுங்க" என்றார்.

மறுநாள் பிறப்புச் சான்றிதழோடு வந்தார். அதைப் பார்த்து, ஒரு வாரம் கூட்டி, எழுதினோம்: 9.6.2008.