ஒரு துடிப்புக்கு எவ்வளவு?

ராயபுரம், காசிமேடு பக்கம் பாக்சிங் கற்க வரும் பையனுக்கு வாத்தியார் முதலில் கொடுப்பது ஓட்டமும் ஸ்கிப்பிங்கும்தான். கிளவுஸ் எப்போது கிடைக்கும் என்று பையன் தவிப்பான். அந்த ஓட்டத்தில்தான் அவன் இதயம் தயாராகிறது.

சும்மா இருக்கும்போது பெரியவர் எவர் இதயமும் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் இறைக்கும். பழகாதவருக்கு அதற்கு 70 துடிப்பு வேண்டும், பழகியவருக்கு 50 போதும். மூச்சுமுட்ட ஓடும்போதுதான் வித்தியாசம் வெளிப்படும். 20 வயதில் உச்சத் துடிப்பு இருவருக்குமே 200ஐ ஒட்டித்தான் இருக்கும். பயிற்சி அதைக் கூட்டுவதில்லை. ஆனாலும் பழகாத இதயம் 20 லிட்டர் அளவில் திணறி நிற்க, உலகத்தர நெடுந்தூர ஓட்டக்காரரின் இதயம் 35 லிட்டரைத் தாண்டுகிறது. துடிப்புக்கு 100 மில்லி எங்கே, 180 மில்லி எங்கே! தெருமுனை அடிபம்பில் கைப்பிடியை முழுக்கத் தூக்கி முழுக்க அழுத்துபவரின் குடம்தானே சீக்கிரம் நிறைகிறது?

பயிற்சி தொடங்கிய சில நாட்களிலேயே ரத்தத்தில் பிளாஸ்மா கூடுகிறது. மாதங்கள் போகப்போக இதயத்தின் இடது கீழறை விரிந்து இளகுகிறது. கண்ணிமைக்கும் இடைவெளியில் கூடுதல் ரத்தத்தை வாங்கிக்கொள்கிறது. நன்றாக நிறைந்த அறை, வலுவாகவும் சுருங்கும். சம்பாதித்ததை இழப்பதும் சுலபம். 1966இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். அவர்களது உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத்திறன் கால்வாசிக்கு மேல் சரிந்தது. துடிப்புக்கு வெளியேறும் ரத்தம் குறைந்ததே முக்கியக் காரணம்.

ஹார்பரை நம்பி வாழும் நம் பகுதிக்கு நெருக்கமான ஆய்வு ஒன்று உண்டு. சான்பிரான்சிஸ்கோ துறைமுகத் தொழிலாளர்கள் 6,351 பேரை 22 ஆண்டுகள் பின்தொடர்ந்து, ஆய்வாளர் ரால்ஃப் பாஃபன்பார்கரும் அவரது சக ஆய்வாளரும் 1975இல் வெளியிட்டது. கடும் பளு தூக்கியவர்களிடையே இதயநோய் மரணம், லேசான வேலை செய்தவர்களைவிடப் பாதியை ஒட்டித்தான் இருந்தது. கொஞ்ச நேரம் முழு மூச்சாக உழைப்பது, பிறகு சற்று ஓய்வு, மறுபடி உழைப்பு: இந்த முறைதான் காத்தது என்று அவர்கள் கருதினார்கள். பாக்சிங் ரவுண்டும் அப்படித்தான்.

சென்னைத் துறைமுகத்துக்கு 1983இல் கன்டெய்னர் முனையம் வந்தது. முதுகில் ஏறிய மூட்டை கிரேனுக்குப் போனது. முதுகெலும்பையும் முழங்காலையும் தின்ற அந்த வேலை திரும்ப வேண்டாம். ஆனால் எண்ணூர் சாலையில் இன்று டிரெய்லர் வரிசையில் மணிக்கணக்காக ஸ்டீரிங் முன் காத்திருக்கும் டிரைவரின் இதயத்துக்கு எந்த வேலையும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் வேகநடை போன்ற உடலுழைப்பு. புழுதிக்கும் லாரிகளுக்கும் நடுவே அவர் எங்கே நடப்பார்? லாரி நிறுத்துமிடம் கட்டும்போதே மர நிழலில் ஒரு நடைபாதையும் சேர்த்துப் போடச்சொல்லித் தொழிற்சங்கங்கள் கேட்க வேண்டும். கழிப்பறையும் குடிநீரும் கேட்பதைப் போல அதுவும் நியாயமான கோரிக்கைதான்.