பிணைமுறியும் நட்டோத்தரவாதமும்

பிணைமுறியைக் காப்புறுதியின் ஒரு வகையெனக் கருதுவோர் பலர். அக்கருத்துப் பொருந்தாமையை ஐக்கிய அமெரிக்க வழக்கைக் கொண்டு ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

அந்நாட்டின் 1935 ஆம் ஆண்டு மில்லர் சட்டம், கூட்டாட்சி அரசின் கட்டட வேலைகளுள் குறித்த தொகைக்கு மேற்பட்டவற்றை ஏற்கும் ஒப்பந்தகாரர் இரு முறிகளை அளித்தல் வேண்டுமென விதித்தது. ஒன்று வேலை நிறைவேறுமென்பதற்கு. மற்றையது தொழிலாளருக்கும் பொருள் வழங்கியோருக்கும் கொடுப்பனவு கிடைக்குமென்பதற்கு. அம்முறிகளை வழங்கும் பிணை நிறுவனம் நட்டத்தை இறுதிவரை தானே தாங்க எண்ணுவதில்லை. ஒப்பந்தகாரரிடமும், கம்பனி உரிமையாளரிடமும், பல வேளைகளில் அவர்தம் வாழ்க்கைத் துணையிடமும், நட்டத்தை ஈடுசெய்வோம் எனும் நட்டோத்தரவாத உடன்படிக்கையிற் கையொப்பம் பெறுகின்றது.

கோரிக்கை எழும்போதே இவ்வுடன்படிக்கையின் வலிமை புலனாகும். கோரிக்கையைத் தீர்க்கும் உரிமையை அது பொதுவாக நிறுவனத்துக்கே அளிக்கும். நிறுவனம் காட்டும் கொடுப்பனவுச் சீட்டுகள், மறுத்து நிறுவப்படும் வரை போதிய சான்றாகும். பணம் கொடுக்குமுன்னரே ஈடு வைக்குமாறு கேட்கவும் இடமுண்டு. நீதிமன்றங்கள் இவ்வாசகங்களைப் பெரும்பாலும் எழுதியவாறே நிறைவேற்றுகின்றன. கோரிக்கை பிழையானதென வாதிடுதல் மட்டும் போதாது. நிறுவனம் நல்லெண்ணமின்றிக் கொடுத்ததெனக் காட்டல் வேண்டும். நல்லெண்ணம் யாதென்பதில் நீதிமன்றங்கள் ஒருமித்த கருத்துடையனவல்ல. சில, நேர்மையீனத்தை நிறுவுமாறு கேட்கின்றன. சில, நியாயமான விசாரணை நடந்ததா எனவும் நோக்குகின்றன.

எனவே, வேலைத்தலத்தையே கண்டிராத மனைவியின் உடைமையும் கடனுக்குப் பொறுப்பாகலாம். கையொப்பமிடுமுன் வாசகங்களை ஆராய்தலே அவருக்குள்ள முதற் காவல் என்பது எமது துணிபு.