லேசர் துப்பாக்கியும் பழைய டேப் ரிக்கார்டரும்

நெடுஞ்சாலையில் கார் ஓட்டிச் செல்லும் நமது சங்கத்து அன்பர்கள், சாலையோரத்தில் முக்காலி மீது பைனாகுலர் போன்ற ஒரு கருவியை வைத்துக்கொண்டு நிற்கும் போக்குவரத்துக் காவலரைப் பார்த்திருப்பார்கள். அது லேசர் வேகத் துப்பாக்கி. அதை ஏமாற்றுவதற்கென்றே காரின் முன்பக்கத்தில் பொருத்திக்கொள்ளும் 'லேசர் ஜாமர்' என்ற சாதனமும் வெளிநாடுகளில் விற்கிறது. வெளியில் சொல்லும்போது அதற்குப் 'பார்க்கிங் சென்சார்' என்று கௌரவமான பெயர். அப்படி ஒன்று என் கைக்கு வந்ததையும், வீட்டில் கிடந்த சாமான்களை வைத்து அதைச் சோதித்ததையும் எழுதுகிறேன்.

வாங்கியவர் என் மாப்பிள்ளை. புனேயில் வேலை. மாதத்தில் இரண்டு ஞாயிறாவது மகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு விரைவுச் சாலை வழியாகக் கல்யாணுக்கு எங்களைப் பார்க்க வருவார். தங்கமான மனிதர், ஸ்டியரிங் பிடித்தால் மட்டும் வேறு ஆள். வெளிநாடு போய்வந்த நண்பர் மூலம் 40,000 ரூபாய் கொடுத்து வாங்கி, மாட்டியும் விட்டார்.

"மாமா, இது வேலை செய்யுதான்னு நீங்க ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்களேன். நீங்கதான் சிக்னல் ஆளாச்சே" என்றார்.

முப்பத்தைந்து வருடம் ரயில்வே சிக்னல் பிரிவில் இருந்தவனிடம் 'வேலை செய்யுதா பாருங்க' என்று சொன்னால் கேட்பானேன்! "பார்க்கலாம் மாப்பிள்ளை" என்று ஒப்புக்கொண்டேன். ஒன்றைச் சோதிக்கிறேன் என்றால் அதை ஆதரிக்கிறேன் என்று அர்த்தமில்லை.

முதலில் துப்பாக்கி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை, சுமார் 904 நானோமீட்டர் அலைநீளத்தில், மிகச் சிறிய துடிப்புகளாக அனுப்புகிறது. வினாடிக்கு நூறிலிருந்து சில நூறு துடிப்புகள். ஒவ்வொன்றும் காரில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளந்தால் தூரம் தெரியும். 300 மீட்டர் தள்ளி வரும் காரை ஒளி தொட்டுத் திரும்ப 2 மைக்ரோ வினாடி போதும். அடுத்தடுத்த துடிப்புகளில் தூரம் எவ்வளவு குறைகிறது என்பதிலிருந்து வேகம் கிடைத்துவிடும். வினாடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் கணக்கு முடிந்துவிடும். ரேடார் அலை போல இந்த ஒளி பரந்து விரியாது; 300 மீட்டரில் அதன் அகலம் ஏறக்குறைய 3 அடிதான். அதனால் காவலர் நம் நம்பர் பிளேட்டை மட்டும் குறிவைக்க முடிகிறது. 'லேசர் வருகிறது' என்று எச்சரிக்கும் கருவி இருந்தும் பலனில்லை. அது கத்துவதற்குள் வேகம் திரையில் வந்திருக்கும்.

ஜாமர் இதற்கு ஒரு படி மேலே போகிறது. துப்பாக்கியின் துடிப்பை உணர்ந்ததும், தானும் அதே அலைநீளத்தில் துடிப்புகளைத் திருப்பி அனுப்பித் துப்பாக்கியின் கணக்கைக் குழப்புகிறது. ஆகவே சோதிக்க வேண்டியவை இரண்டு: துடிப்பை உணர்கிறதா, உணர்ந்தால் பதில் அனுப்புகிறதா?

துடிப்பை அனுப்ப 555 என்ற டைமர் ஐ.சி., 9 வோல்ட் பாட்டரி, பழைய டி.வி. ரிமோட்டிலிருந்து கழற்றிய அகச்சிவப்பு எல்.இ.டி. ஆகியவை போதுமாயின. வினாடிக்கு எத்தனை துடிப்பு என்பதை ஒரு திருகியால் மாற்றலாம். பதிலைப் பிடிக்க பி.பி.டபிள்யூ.34 என்ற போட்டோ டையோடு. அதைப் பரணில் கிடந்த டேப் ரிக்கார்டரின் மைக் துளையில், இடையில் ஒரு மின்தேக்கி வைத்து இணைத்தேன். கண்ணுக்குத் தெரியாத ஒளியைக் காதால் கேட்கும் ஏற்பாடு இது. ஆசிலாஸ்கோப் இருந்தால் அழகாகப் பார்க்கலாம். அது இல்லாத வீட்டில் காதே கருவி. வினாடிக்கு 125 துடிப்பு என்றால் ஸ்பீக்கரில் தாழ்ந்த சுருதியில் ஒரு ரீங்காரம். திருகியைத் திருப்பினால் சுருதி ஏறும். அடுக்களையிலிருந்து வந்த என் மனைவி, "சுருதிப்பெட்டியை வேற ரிப்பேர் பண்ண ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டாள்.

ஒரு சிக்கல் வந்தது. எங்கள் கட்டடத்தின் கார் நிறுத்துமிடத்தில் டியூப் லைட்டுகள். 50 சைக்கிள் மின்சாரத்தில் டியூப் லைட் வினாடிக்கு 100 முறை மினுங்கும். அது ஸ்பீக்கரில் பெரிய ரீங்காரமாக வந்து நம் 125-ஐ விழுங்கிவிட்டது. காவல்காரரிடம் சொல்லி, இரவு பத்து மணிக்கு மேல் அந்த வரிசை விளக்குகளை அணைத்துவிட்டுத்தான் சோதிக்க முடிந்தது.

முதலில் டி.வி. ரிமோட்டை நேராகக் காட்டி அழுத்தினேன். சாதனம் வாய் திறக்கவில்லை. நல்ல அறிகுறிதான், ரிமோட்டுக்கெல்லாம் கத்தினால் அது மட்டமான சரக்கு. அடுத்து 555. வினாடிக்கு 50-ல் மௌனம். 1000-த்திலும் மௌனம். 125-க்குக் கொண்டுவந்ததும் காருக்குள் 'பீப்', ஸ்பீக்கரில் என் ரீங்காரத்தின் மேல் இன்னொரு கரகரப்பு! கைபேசியின் முன்பக்கக் கேமராவில் பார்த்தபோது ஜாமரின் தலை ஊதா நிறத்தில் மின்னியது. (வெறும் கண்ணால் அருகில் போய் உற்றுப் பார்க்கக் கூடாது. லேசர் லேசர்தான்.) மாப்பிள்ளைக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

வேலை செய்கிறது என்று சிக்னல்காரன் அதோடு விட்டுவிட மாட்டான். எந்த நிலையில் வேலை செய்யாது என்று பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. வலப்பக்கத் தலை 10 அடி தூரத்தில் விடாமல் பதில் சொன்னது. இடப்பக்கத் தலை 4 அடிக்கு மேல் ஊமை. ரசமட்டத்தை வைத்துப் பார்த்தால், மாட்டியவர் அதை 3 டிகிரி கீழே சரித்து முடுக்கியிருந்தார். பம்பர் உயரத்திலிருந்து 3 டிகிரி சரிந்தால் 11, 12 மீட்டரிலேயே அது தார்ச்சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். பிறகு செம்மண்ணைத் தண்ணீரில் கலக்கி வலப்பக்கத் தலையில் தெளித்துக் காயவிட்டேன். 10 அடி 3 அடியாகச் சுருங்கியது. ஜூலை மாதம் கண்டாலா மலைப்பாதையில் லாரிக்குப் பின்னால் ஒரு முறை போய்வந்தால் இதைவிட அதிகம் சேறு அப்பும்.

"சரி பண்ணிடலாம் மாமா. துடைச்சா போச்சு" என்றார் மாப்பிள்ளை.

சோதனை காட்டாத விஷயங்களையும் அவரிடம் சொன்னேன். என் எல்.இ.டி.யின் துடிப்பு மைக்ரோ வினாடிக் கணக்கு. துப்பாக்கியின் துடிப்பு நானோ வினாடிக் கணக்கு. இது பதில் சொல்கிறது என்றுதான் எனக்குத் தெரியும். துப்பாக்கி ஏமாறுமா என்பது துப்பாக்கிக்குத்தான் தெரியும். புதிய துப்பாக்கிகள் துடிப்பின் இடைவெளியை மாற்றி மாற்றி அனுப்புகின்றன. சில வகைகள் குறுக்கீடு நடக்கிறது என்று திரையிலேயே காட்டிக்கொடுத்துவிடும். தவிர, மும்பை–புனே விரைவுச் சாலையில் 2024-ல் வந்த கண்காணிப்பு ஏற்பாட்டில் சராசரி வேகத்தையும் கணக்கிடுகிறார்கள். ஓரிடத்தில் நம்பர் பிளேட்டைப் படம் பிடித்து, பல கிலோமீட்டர் தள்ளி மறுபடி படம் பிடித்து, நடுவில் ஆன நேரத்தால் வகுத்துவிடுவார்கள். அங்கே ஜாமருக்கு வேலையே இல்லை. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி காருக்கு அதிவேக அபராதம் 1,000 முதல் 2,000 ரூபாய் வரை. 40,000 ரூபாய்க்கு இருபது அபராதம் கட்டியிருக்கலாம் என்றேன். சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. ரயில்வேயிலும் இந்த வேடிக்கை உண்டு. தண்டவாளத்தின் ஓரம் மறைந்து நின்று ரேடார் துப்பாக்கியால் ரயிலின் வேகத்தை அளப்பார்கள். 'ஆம்புஷ் செக்' என்போம். எஞ்சின் ஓட்டுநர்கள் முணுமுணுப்பார்கள். ஆனாலும் வேகப்பதிவுக் கருவியின் கண்ணைக் கட்ட வழி தேடிய ஓட்டுநரை என் சர்வீஸில் நான் கண்டதில்லை. அவர் பின்னால் ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். விரைவுச் சாலை 94.5 கிலோமீட்டர். சமதளத்தில் அனுமதித்த வேகம் 100. முழுத் தூரத்தையும் 100-ல் போனால் 57 நிமிடம். 130-ல் போனால் 44. மிச்சம் 13 நிமிடம். மலைப்பாதையும் லாரிக் கூட்டமும் அதிலும் பாதியைத் தின்றுவிடும். 100-ல் வரும்போது, பிரேக் போடத் தோன்றும் ஒரு வினாடியையும் சேர்த்து, நல்ல காய்ந்த சாலையில் கார் நிற்க ஏறக்குறைய 83 மீட்டர் வேண்டும். 130-ல் 129 மீட்டர். இந்தக் கணக்கை எந்த ஜாமரும் மாற்றாது. 2022-ல் நம் நாட்டுச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு எழுபத்தோரு பேருக்கு மேல் அதிவேகத்தால் போனவர்கள் என்கிறது மத்திய அரசின் அறிக்கை.

மாப்பிள்ளை தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்போதுதான், தூங்காமல் மாடியிலிருந்து இறங்கி வந்திருந்த பேத்தி, ஸ்பீக்கரைச் சுட்டி, "தாத்தா, இதை விட எங்க கார்ல வர்ற சத்தம் பெரிசா இருக்கும். அப்பா ஓட்டினா கத்திக்கிட்டே வரும். அம்மா பாட்டை சத்தமா வெச்சுடுவா" என்றாள்.

அது என்ன சத்தம் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். 2019 ஜூலை முதல் தயாராகும் கார்களில் 80-ஐத் தாண்டினால் விட்டுவிட்டும், 120-ஐத் தாண்டினால் ஓயாமலும் ஒலிக்கும் எச்சரிக்கை மணி கட்டாயம். பின் சீட்டில் உட்கார்ந்து ஒன்பது வயதுக் குழந்தை அதைப் பாட்டோடு சேர்த்துக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறது. மகள் ஒரு நாளும் என்னிடம் சொன்னதில்லை.

மாப்பிள்ளை பதில் பேசவில்லை. பேத்தியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார். அடுத்த முறை வந்தபோது ஜாமர் காரில்தான் இருந்தது, இடப்பக்கத் தலை இன்னும் சரிந்தபடியே. பகல் சாப்பாட்டுக்கு வழக்கத்தைவிடக் கால் மணி நேரம் தாமதம். ரசம் ஆறிவிட்டது என்று என் மனைவி குறைப்பட்டுக்கொண்டாள். நான் மறுபடி சூடுபண்ணிக் கொடுத்தேன்.