காமிரா பிடித்த கைகள்

பத்திரிகையில் ஒரு படம் வந்தால் அதில் இருப்பவர் யார் என்று பார்க்கிறோம். எடுத்தவர் யார் என்று பார்ப்பதில்லை. படத்தின் அடியில் பொடி எழுத்தில் கிடக்கும் அந்தப் பெயருக்கும் ஒரு சரித்திரம் உண்டு. இரண்டாவது உலக யுத்த காலத்தில் பம்பாயிலிருந்து வெளிவந்த 'இல்லஸ்டிரேட்டட் வீக்லி'யில் ஹோமாய் வியாரவாலா என்னும் பெண்மணி எடுத்த படங்கள் வெளியாயின. ஆனால் அடியில் காணப்பட்ட பெயரோ அவர் கணவர் மானெக்ஷாவினுடையது. பெயர் அறியாத ஒரு பெண்ணின் படத்தை யார் மதிப்பார்கள்? உழைப்பு மனைவியுடையது, புகழ் கணவருடையது! இத்தகைய ஏற்பாடு நம் வீடுகளுக்குப் புதிதன்று.

ஸ்ரீமதி ஹோமாய் 1913-ஆம் ஆண்டு குஜராத்திலுள்ள நவ்சாரியில் பிறந்தவர். தந்தை ஊர் ஊராகச் சென்ற பார்ஸி நாடகக் கம்பெனியைச் சேர்ந்தவர். பம்பாய் ஜே. ஜே. சித்திரக் கலாசாலையில் இவர் பயின்றார். 1942-ல் டில்லிக்குக் குடியேறிய பின், புடைவை கட்டிக்கொண்டு, கனமான காமிராவைச் சுமந்து, சைக்கிளில் தலைநகரைச் சுற்றினார். 1947 ஆகஸ்டு 16-ஆம் தேதி செங்கோட்டையில் மூவர்ணக் கொடி ஏறியதையும், மகாத்மாவின் இறுதி ஊர்வலத்தையும், 1956-ல் தலாய் லாமா இந்தியாவுக்கு வந்ததையும் படமாக்கியவர் இவரே. 1948 ஜனவரி 30-ஆம் தேதி பிரார்த்தனைக் கூட்டத்துக்குப் புறப்பட்டவரை, மறுநாள் சேர்ந்து போகலாம் என்று கணவர் திருப்பி அழைத்துவிட்டார். மறுநாள் காந்தியடிகள் இல்லை.

இவ்வளவு பெரிய காட்சிகளைக் காட்டிலும் எனக்குப் பிடித்தது வேறொரு படம். பாலம் விமான நிலையத்தில், 'புகைப்படம் எடுக்கக் கூடாது' என்று எச்சரிக்கும் பலகையின் அருகில் பண்டித நேரு நிற்கிறார். அதையும் சேர்த்தே எடுத்துவிட்டார் அம்மையார்! 1970-ல், கணவர் காலமான மறு ஆண்டு, அவர் தொழிலை விட்டார். புதிதாக வந்த படக்காரர்களின் நடத்தை அவருக்குப் பிடிக்கவில்லை. பத்ம விபூஷண் விருது 2011-ல் வந்தது. அப்போது அவருக்கு வயது தொண்ணூற்றேழு. அடுத்த ஆண்டு மறைந்தார். சர்க்கார் சற்று நிதானமாகத்தான் நினைத்துக்கொண்டது.

இந்தக் கதைக்கும் நம் ராயபுரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். காசிமேட்டுத் துறைமுகத்தில் விடியற்காலை ஏலம் நடக்கும்போது, மீன் கூடைகளுக்கு நிகராகக் காமிராக்களும் வந்து இறங்குகின்றன. கூடை சுமக்கும் பெண்களின் முகங்கள் கண்காட்சிகளுக்குப் போகின்றன. அந்தப் பெண்கள் அவற்றைப் பார்ப்பதில்லை. 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியபோதும், 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகம் எண்ணெயால் கறுத்தபோதும் படங்களுக்குக் குறைவில்லை. கறுத்த வலையை வீட்டு வாசலில் உட்கார்ந்து பார்த்தவளின் கையில் காமிரா இருந்திருந்தால், அவள் எதை எடுத்திருப்பாள்?

இதற்கு விடை தேட ஒருவர் முயன்றிருக்கிறார். மதுரைப் பக்கத்தில் மீன் விற்கும் தாயின் மகனான ம. பழனிக்குமார், திவ்யபாரதி என்னும் பெண் இயக்கிய 'கக்கூஸ்' (2017) படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். கொசஸ்தலை ஆற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளப் பெண்ணின் வாழ்வையும் படமாக்கியவர். ஆமதாபாத் தேசீய வடிவமைப்புக் கலாசாலையில் பயின்று, புகைப்படத்தைப் புத்தகமாகவும் மடக்கும் கண்காட்சியாகவும் வடிவமைத்தவர் தயானிதா சிங். 2022-ல் அவருக்கு ஸ்வீடன் தேசத்தின் ஹாஸல்பிளாட் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு அவர் பெயரால் 'பாரி' இணைய இதழ் ஏற்படுத்திய பரிசை முதலில் பெற்றவர் பழனிக்குமார். அவரோ வியாசர்பாடிப் பிள்ளைகளுக்குக் காமிரா பிடிக்கக் கற்பித்தார். அவர்களில் பெண்களும் உண்டு. அவர்கள் வேறெங்கும் போகவில்லை. தங்கள் தெருவையும் பெற்றோரின் உழைப்பையுமே எடுத்தார்கள்.

பள்ளியில் நாங்கள் செய்வது என்ன? கை நன்றாக வரும் மாணவியைத் தாவர நூல் ரிக்கார்டு நோட்டில் செம்பருத்திப் பூவின் குறுக்குவெட்டு வரையச் சொல்லுகிறோம். ஆண்டு விழாவன்று வாசலில் கோலம் போடச் சொல்லுகிறோம். பத்தாம் வகுப்பு முடிந்ததும், "இனிப் படிப்பைப் பாரம்மா" என்கிறோம். திருவொற்றியூர்த் தெருவில் புள்ளிக் கணக்குப் பிசகாமல் இழை இழுக்கிறவளுக்கு வடிவமைப்பு என்ற சொல் தெரியாமல் இருக்கலாம், கணக்கு தெரியும். சித்திரம் சோறு போடுமா என்று பெற்றோர் கேட்பது நியாயமே. துணி, அச்சு, விளம்பரம், சினிமா ஆகிய யாவும் இன்று சித்திரக்காரரைத் தேடுகின்றன என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

1850-ல் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய சித்திரப் பள்ளிதான் இன்று பெரியமேட்டில் அரசு கவின் கலைக் கல்லூரியாக நிற்கிறது. ராயபுரம் ரயில் நிலையம் திறக்கப்பட்டதே அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்துத்தான். காசிமேட்டிலிருந்து அங்கே போகச் சில மைல் தூரமே. இந்த வருஷம் எங்கள் பன்னிரண்டாம் வகுப்புப் பெண்கள் இருவர் அதற்கு விண்ணப்பம் கேட்டிருக்கிறார்கள். ஒருத்தியின் தகப்பனார் இன்னும் சம்மதிக்கவில்லை.