மெய்நிகர் கணினிகள் – 14: இரண்டு ஹோஸ்ட், ஒரே அடையாளம்

ஓடிக்கொண்டிருக்கும் வி.எம். ஒன்றை நிறுத்தாமலே வேறு ஹோஸ்ட்டுக்கு எப்படி மாற்றுகிறார்கள் என்று சென்ற வாரம் பார்த்தோம். முதலில் நினைவகப் பக்கங்கள் மொத்தமாகப் போகும். அதற்குள் மாறிவிட்ட பக்கங்கள் மறுபடி போகும். மிச்சம் சுருங்கியதும் வி.எம். ஒரு கணம் நின்று மறுபக்கத்தில் எழும். 2005-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஸென் குழுவினர் இதைச் செய்து காட்டியபோது, ஆட்டம் நடந்துகொண்டிருந்த குவேக் 3 சர்வர் நின்றது 60 மில்லிவினாடிதான்.

இதை வீட்டிலேயே பழக விரும்புகிறவர்கள் இரண்டு சர்வர் வாங்க வேண்டியதில்லை. ஒரே கணினியில் இரண்டு வி.எம். எழுப்பி, இரண்டிலும் லினக்ஸின் ஹைப்பர்வைசரான கே.வி.எம். நிறுவி, உள்ளே இன்னொரு வி.எம்.மை ஓடவிட்டு, அதை இங்குமங்கும் மாற்றலாம். நிஜக் கணினியை எல்0, அதன்மேல் ஓடும் ஹோஸ்ட்டுகளை எல்1, அவற்றுக்குள் இருப்பதை எல்2 என்பது லினக்ஸ்காரர்களின் வழக்கு. இன்டெல் பிராசஸரில் இது நல்ல வேகத்தோடு நடக்கும் என்பதை ஐ.பி.எம். ஆய்வாளர்கள் 'டர்ட்டில்ஸ்' என்ற திட்டத்தில் 2010-இல் நிறுவினார்கள். லினக்ஸ் 4.20 முதல் இன்டெலிலும் இந்த வசதி தானாகவே திறந்திருக்கிறது.

அப்படிப் பழகும்போது இடமாற்றம் தோற்றால், இடமாற்ற மென்பொருளைக் குறை சொல்வதற்கு முன் எல்1-கள் இரண்டும் உண்மையிலேயே இரண்டுதானா என்று பாருங்கள். ஒன்றை நிறுவி, அதை நகலெடுத்து மற்றதை உண்டாக்குவதுதான் எல்லோரும் செய்வது. பாதிச் சிக்கல் அங்கேயே பிறந்துவிடுகிறது என்பது என் கட்சி.

'வி.எம்.மை அதே ஹோஸ்ட்டுக்கே மாற்றப் பார்க்கிறீர்கள்' என்று, வி.எம்.களை நிர்வகிக்கும் லிப்வர்ட் சில நேரம் மறுத்துவிடும். கண்ணெதிரே இரண்டு ஹோஸ்ட் ஓடும்போது இப்படிச் சொன்னால் எரிச்சல் வரும். ஆனால் ஹோஸ்ட்டின் பெயரையோ ஐ.பி. முகவரியையோ வைத்து அது முடிவு செய்வதில்லை. பயாஸ் தரும் யூ.யூ.ஐ.டி. எண்ணைப் பார்க்கிறது. எல்1-க்கு அந்த பயாஸே வெளி ஹைப்பர்வைசர் கொடுத்ததுதான். விஎம்வேரில் வி.எம். கோப்புகளை நகலெடுத்துத் திறந்தால், 'நகர்த்தினீர்களா, நகலெடுத்தீர்களா' என்று கேட்கும். அவசரத்தில் 'நகர்த்தினேன்' என்று தட்டிவிட்டால் பழைய எண்ணே தொடரும். லிப்வர்ட்டின் அமைப்புக் கோப்பில் ஹோஸ்ட்டுக்கு வேறு எண்ணை நாமே எழுதிக் கொடுக்கலாம். மெஷின்-ஐ.டி.யிலிருந்து எடுத்துக்கொள் என்றும் சொல்லலாம். ஆனால் டிஸ்க்கையே நகலெடுத்திருந்தால் அதுவும் ஒன்றாகத்தான் இருக்கும். உபுண்டு சர்வரில் டி.ஹெச்.சி.பி.யிடம் முகவரி கேட்கும்போதும் மெஷின்-ஐ.டி.யை வைத்தே அடையாளம் சொல்லப்படுவதால், இரண்டு எல்1-க்கும் ஒரே ஐ.பி. வந்து நிற்பதுண்டு. நகலெடுத்த கையோடு மெஷின்-ஐ.டி.யை அழித்துப் புதிதாக உண்டாக்கிவிடுங்கள்.

எஸ்.எஸ்.ஹெச். போகிறது, இடமாற்றம் மட்டும் போகவில்லை என்றால் ஃபயர்வாலைப் பாருங்கள். கட்டளைதான் எஸ்.எஸ்.ஹெச். வழியே போகிறது, நினைவகம் வழக்கமாக 49152 முதல் 49215 வரையிலான போர்ட்டுகளில் நேராகப் போகும்.

அடுத்தது நெட்வொர்க். இங்கேதான் பலர் மணிக்கணக்கில் தவிக்கிறார்கள். இடமாற்றம் வெற்றி என்று திரை சொல்லும். எல்2-இன் கன்சோலும் திறக்கும். பிங் மட்டும் வராது. எல்0-இல் விஎம்வேர் ஓடினால், காரணம் அங்கேதான் இருக்கிறது. விஎம்வேரின் சாதாரண மெய்நிகர் ஸ்விட்ச், எந்த மேக் முகவரி எந்தப் பக்கம் இருக்கிறது என்று போக்குவரத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்வதில்லை. தான் கொடுத்த நெட்வொர்க் கார்டுகளின் முகவரிகள் மட்டுமே அதற்குத் தெரியும். எல்1-க்கு உள்ளே ஒரு எல்2 இருப்பதும் அதற்கென ஒரு மேக் இருப்பதும் அதற்குத் தெரியாது; அந்த முகவரிக்கு வரும் பாக்கெட்டை எல்1 பக்கம் அனுப்பாது. அதனால்தான் அந்த போர்ட் குரூப்பில் 'புரோமிஸ்குவஸ்' முறையையும் 'ஃபோர்ஜ்டு டிரான்ஸ்மிட்ஸ்' அனுமதியையும் திறக்கச் சொல்கிறார்கள். விஎம்வேரின் விஸ்பியர் 6.7 முதல் டிஸ்ட்ரிபியூட்டட் ஸ்விட்ச்சில் மேக் கற்கும் வசதி வந்துவிட்டது. அது கையில் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். புரோமிஸ்குவஸ் முறையில் எல்லாப் பாக்கெட்டும் எல்லா எல்1-க்கும் போய் சி.பி.யூ.வைத் தின்னும்.

எம்.டி.யூ.வும் இப்படித்தான் ஏமாற்றும். எல்1-இல் 9000, எல்0-இல் 1500 என்று இருந்தால் சிறிய செய்திகள் போய்ச் சேரும், நினைவகப் பக்கங்கள் கிளம்பியதும் எல்லாம் உறைந்து நிற்கும். பாக்கெட்டைத் துண்டாக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு 8972 பைட் அளவில் ஒரு பிங் அனுப்பினால் உண்மை உடனே தெரியும். சி.பி.யூ. பொருந்தவில்லை என்ற பிழை வந்தால், இரண்டு எல்1-க்கும் பெயர் குறிப்பிட்ட ஒரே சி.பி.யூ. மாடலைக் கொடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு, எவ்வளவு நேரமானது என்று அளந்து அலுவலக அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். எல்2-இல் நடக்கும் ஒவ்வொரு எக்ஸிட்டும், அதாவது வி.எம். கட்டுப்பாட்டை ஹைப்பர்வைசரிடம் விடும் ஒவ்வொரு தருணமும், முதலில் எல்0-க்குத்தான் வருகிறது. அதை எல்1 கையாள்வதற்குள் மேலும் பல எக்ஸிட்டுகள் நடக்கலாம். இரண்டு எல்1-களும் ஒரே பிராசஸரைப் பங்குபோடுகின்றன; நடுவில் நிஜக் கேபிளே இல்லை. கே.வி.எம்.மோடு சேர்ந்து வி.எம்.மை ஓட்டும் க்யூமு இயல்பாக அனுமதிக்கும் நிறுத்த நேரம் 300 மில்லிவினாடி. அதற்குள் முடிந்தது, முடியவில்லை என்பதை வைத்து நிஜ சர்வர்களைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது. ஆனால் படிகளைப் பழகவும், எது எங்கே முறியும் என்று தெரிந்துகொள்ளவும் இதைவிட மலிவான இடம் கிடையாது.

கடைசியாக ஒன்று. இந்த வாரம் சொன்னதெல்லாம் எல்2-ஐ மாற்றுவது பற்றித்தான். உள்ளே எல்2 ஓடிக்கொண்டிருக்கும்போது எல்1-ஐயே வேறு எல்0-க்கு மாற்றுவது வேறு கதை. இன்டெலில் அதற்கு லினக்ஸ் 5.3, க்யூமு 4.2 அல்லது அவற்றுக்குப் பிந்தையவை வேண்டும். ஏ.எம்.டி.யில் கர்னலே நிலைகுலையலாம் என்று லினக்ஸ் ஆவணம் எச்சரிக்கிறது. அங்கே எல்2-ஐ ஒருமுறை எழுப்பிவிட்டால் அதை மட்டும் நிறுத்தினால் போதாது, எல்1-ஐயே அணைத்துவிட்டு நகர்த்துங்கள்.